காலுறை பின்னும் மேய்ப்பரும் காலடி மண்ணும்

கோபன்ஹேகனில் இருக்கும் டென்மார்க் தேசியக் கலைக்கூடத்தில் ஃப்ரெடரிக் வெர்மேரென் 1855ல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. வயதான ஆட்டு மேய்ப்பர் ஒருவர், டென்மார்க்கின் மேற்கிலிருக்கும் தீபகற்பமான ஜட்லாந்தின் வெட்டவெளியில் நிற்கிறார். கைகள் சும்மா இல்லை, காலுறை பின்னிக்கொண்டிருக்கின்றன. அவருக்குப் பின்னால் தொடுவானம் வரைக்கும் தட்டையான, பழுப்பேறிய நிலம்.

வெர்மேரென் 1823ல் ஸீலாந்து தீவின் ரிங்ஸ்டெட் ஊரில் பிறந்தவர். டேனிஷ் ஓவியர்கள் தங்கள் நாட்டுக் குடியானவர்களைத் தேடிப்போய் வரைய வேண்டும் என்று கலை வரலாற்றாளர் ஹோயன் 1844ல் ஓர் உரையில் வலியுறுத்தினார். அந்தக் காலத்தில் கிராமங்களை நோக்கித் திரும்பியவர்களில் வெர்மேரெனும் ஒருவர். ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மேய்ப்பரின் முகத்தைவிட அவர் காலடிக்குத்தான் போகிறது. ஏன் அங்கே பயிர் இல்லை? ஏன் ஒரு காடுகூட இல்லை? மழைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் அது. மேற்கு ஜட்லாந்தில் ஆண்டுக்கு 800, 900 மில்லிமீட்டர் பெய்கிறது. சொல்லப்போனால் அந்த மழைதான் வினை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் ஜட்லாந்தின் நடுப்பகுதி வரை வந்து நின்றது. அது கிடந்த கிழக்குப் பக்கமும் தீவுகளும் களிமண் கலந்த வளமான நிலத்தைப் பெற்றன. ஓவியர் பிறந்த ஸீலாந்து அந்த அதிர்ஷ்டக்காரப் பக்கம். மேற்கே ஓடியது உருகிய நீர் மட்டும். அது மணலை அரித்துக் கொண்டுபோய்ப் பரப்பியது. மணலில் சத்து நிற்காது, தண்ணீரும் தங்காது. அப்படியிருந்தும் அங்கே ஒரு காலத்தில் மரங்கள் இருந்தன. மனிதர்கள் வெட்டினார்கள், எரித்தார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள். திறந்த இடத்தை ஹீதர் என்ற குறுஞ்செடி பிடித்துக்கொண்டது. ஓவியத்தில் தெரியும் வெளி முழுக்க அதன் ராஜ்ஜியம்.

ஹீதரின் சருகு லேசில் மட்காது. அமிலம் மிகுந்த அந்த மண்ணில் மண்புழு வாழ்வது கடினம். புழு இல்லையென்றால் சருகை மண்ணோடு கலந்துவிட ஆள் இல்லை. அது மேலேயே கிடந்து, கறுத்து, கம்பளி விரிப்பு மாதிரி படிந்துவிடும். டென்மார்க்கின் வனவியலாளர் பி. ஈ. முல்லர் 1879லும் 1884லும் வெளியிட்ட ஆய்வுகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டினார். புழுக்கள் கலந்துவிட்ட மட்குக்கு ‘முல்’, கலக்காமல் மேலே படிந்ததற்கு ‘மோர்’ என்று பெயர். உலகம் முழுக்க மண்ணியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் இந்தச் சொற்கள் டேனிஷ் மொழியிலிருந்து போனவை.

இப்போது மழை பெய்கிறது. நீர் அந்தக் கறுப்பு விரிப்பின் வழியாக இறங்கும்போது டிகாஷன் மாதிரி பழுப்பு நிறத்தில் அமிலங்களை வடித்துக்கொண்டு போகிறது. சாதாரண மணலின் ஒவ்வொரு துகள் மீதும் துரு போல மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். மணல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிவது அதனால்தான். மட்கு அமிலங்கள் அந்த இரும்பையும் கூடவே அலுமினியத்தையும் கவ்விக்கொண்டு கீழே இறங்குகின்றன. பூச்சு உரிந்த மணல் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கிறது. இந்த வகை மண்ணுக்குப் ‘பாட்சால்’ என்று பெயர். ‘அடியில் சாம்பல்’ என்று பொருள் தரும் ரஷ்யச் சொல் அது.

கவ்விய இரும்பு எங்கே போகும்? கொஞ்சம் ஆழத்தில் நிலைமை மாறியதும் அமிலமும் உலோகமும் சேர்ந்து படிகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே படிந்து, ஒரு முழ ஆழத்தில் மணல் துகள்களை ஒட்டவைத்துப் பாளமாக்கிவிடுகின்றன. அங்கே ஒரு குழி வெட்டினால் மேலே கறுப்பு, அடுத்து சாம்பல், அதற்கும் கீழே காப்பிக் கறையும் துருவும் கலந்த நிறத்தில் இந்தப் பாளம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். வேர் அதைத் துளைக்க முடியாது. ஜட்லாந்து மக்கள் அதை ‘அல்’ என்று அழைத்தார்கள். ‘அல்ஹேடன்’ என்று ஒரு பெருவெளிக்கே அதன் பெயர்தான். 1760ஐ ஒட்டி டேனிஷ் அரசர் அங்கே குடியேற்றிய ஜெர்மானியர்கள் உருளைக்கிழங்கோடு வந்து படாதபாடு பட்டார்கள்.

சரி, இந்த மண்ணில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஹீதரைத் தின்று செம்மறி வாழும். செம்மறியிடம் கம்பளி கிடைக்கும். சாணத்தையும் வெட்டியெடுத்த ஹீதர் மண்கட்டிகளையும் சேர்த்து வீட்டருகே இருந்த சின்ன வயலுக்கு எருவாகப் போட்டார்கள். பல மடங்கு பெரிய வெளி, ஒரு துண்டு வயலுக்குச் சோறு போட்டது. ஒவ்வொரு கட்டியோடும் வெளியின் சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஹீதர் இன்னும் வசதியாகப் பரவியது. குடும்பத்துக்குக் கையில் காசு தந்தது கம்பளிக் காலுறை. ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் பின்னினார்கள், வியாபாரிகள் ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். மேய்ப்பர் கையில் இருக்கும் காலுறையைப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மண்ணிலிருந்து கடைசியாகப் பெறக்கூடிய பொருள் அதுதான். வெர்மேரென் அதை அவர் கையில் கொடுத்தே வரைந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

படம் வரைந்து ஒன்பதே ஆண்டுகளில், 1864 போரில், ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை டென்மார்க் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் இழந்தது. இருக்கும் நிலத்தையாவது விளையவைப்போம் என்ற வேகம் பிறந்தது. ஜட்லாந்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த பொறியாளர் என்ரிகோ தல்காஸ், 1866ல் ஆர்ஹூஸ் நகரில், ‘ஹீத்’ எனப்படும் இந்த ஹீதர் வெளிகளுக்கான டேனிஷ் ஹீத் சங்கத்தைத் தொடங்குவதில் முன்நின்றார். ஆழ உழுது பாளத்தை உடைத்தார்கள். அமிலத்தை முறிக்க, பூமிக்கடியிலிருந்து மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண்ணைத் தோண்டிக் கொட்டினார்கள். பிற்பாடு அதை ஏற்றிச்செல்லவே குட்டி ரயில் பாதைகள் வந்தன.

மரம் வளர்ப்பதுதான் ரொம்பச் சோதித்தது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் ஹீதருக்கு நடுவே சில ஆண்டுகளில் மஞ்சளித்து, வளராமல் அப்படியே நின்றுவிட்டன. ஸ்ப்ரூஸுக்குச் சத்தை உறிஞ்சித் தரும் வேர்ப்பூஞ்சைகள் ஹீதர் ஆளும் மண்ணில் தழைப்பதில்லை. பக்கத்திலேயே மலைப்பைன் நட்டபோது ஸ்ப்ரூஸ் எழுந்தது. பைன் தன் நிழலால் ஹீதரை அடக்கியது. அந்தப் பைனுக்கு டேனிஷ்காரர்கள் வைத்த பெயர் ‘செவிலி மரம்’.

இன்று அந்தப் பெருவெளியில் சிறு துண்டுகள்தான் மிச்சம், ராண்ட்பூல் ஹேடெ அதில் ஒன்று. அவற்றையும் சும்மா விட்டால் புல்லும் மரமும் மூடிவிடும். பண்ணைகளிலிருந்து காற்றில் வந்து படியும் நைட்ரஜன் மண்ணுக்கு உரமாகி, புல்லுக்குக் கொண்டாட்டமாகிவிடுகிறது. அதனால் பாதுகாவலர்கள் அவ்வப்போது ஹீதரை எரிக்கிறார்கள், மேல்மண்ணைச் சீவி எடுக்கிறார்கள், செம்மறிகளை மேயவிடுகிறார்கள்.