டி.ஓ.டி.: நிலையத்தை ஒட்டியா, நோக்கியா?

பெங்களூரில் பையப்பனஹள்ளியிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ தூண்களோடு போகிற சாலையில், அடுக்குமாடி விற்கிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் ‘மெட்ரோ பக்கத்துலயே இருக்கு’. அதையே அரசுக் கோப்பு ‘டிரான்ஸிட் ஓரியண்டட் டெவலப்மென்ட்’ என்று எழுதும். சுருக்கமாக டி.ஓ.டி.: பஸ், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்படி வீடும் கடையும் அமைப்பது. தமிழில் இதைப் பெரும்பாலும் ‘போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி’ என்று பெயர்த்துவிடுகிறோம். அர்த்தம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் ‘கிட்டத்தட்ட’வில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை ‘டிரான்ஸிட்’டில். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் குறுக்கே, அப்பால். ‘ஈரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்தால் கடந்து போதல். விமான நிலையத்தில் இடையில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர் ‘டிரான்ஸிட்’ பயணி. குருப்பெயர்ச்சியை ஆங்கிலத்தில் எழுதும் சோதிடரும் இதே சொல்லைத்தான் போடுவார். எனவே ‘பெயர்ச்சி’ நேரான தமிழ்தான், ஆனால் ‘பெயர்ச்சி சார்ந்த வளர்ச்சி’ என்று எழுதினால் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடும். நகரமைப்பில் இந்தச் சொல் அமெரிக்கப் பேச்சிலிருந்து வந்தது. அங்கே ‘டிரான்ஸிட்’ என்றாலே பஸ், ரயில், டிராம் என எல்லோருக்குமான வண்டிகள்தான். ‘பொது’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நம்முடைய ‘போக்குவரத்து’ அப்படியில்லை. போக்கும் வரத்தும் சேர்ந்த அழகான சொல், ஆனால் கார், லாரி, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். பஸ் ஓட்டுவது போக்குவரத்துக் கழகம், சிக்னலில் கை காட்டுவது போக்குவரத்துக் காவலர், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொள்வது போக்குவரத்து நெரிசல். கன்னடம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது: பெங்களூர் மாநகர பஸ் கழகமான பி.எம்.டி.சி.யின் பெயரில் வருவது ‘சாரிகெ’, காவல்துறைப் பலகையில் வருவது ‘சஞ்சார’. பெங்களூரில் இருக்கும் தமிழர் இரண்டு பலகைகளையும் தினம் பார்க்கிறார், வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார். ஆகவே ‘போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி’ என்று மட்டும் எழுதினால், மேம்பாலத்தின் ஓரம் ஆயிரம் கார் நிறுத்த வசதியோடு எழும் மாலுக்கும் அது பொருந்தும். ‘பொது’வை வெளியே எடுத்து எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது ஓட்டை ‘ஓரியண்டட்’. இதன் வேர் ‘ஓரியன்ஸ்’: உதிக்கும் சூரியன், அதனால் கிழக்கு. தேவாலயத்தைக் கிழக்கு முகமாக அமைப்பதைக் குறித்த சொல், பிறகு எதையும் ஒரு திசைக்கு முகம் திருப்பி வைப்பதற்கு வழங்கலாயிற்று. தமிழில் இதற்குத் தேடவே வேண்டாம். கிழக்கு நோக்கிய சன்னிதி, வடக்கு பார்த்த வீடு என்று தினமும் சொல்கிறோம். கிழக்கு பார்த்த சைட் என்றால் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கும் ஊர் இது. முகம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘சார்ந்த’ என்பது பிழையில்லை. ஆனால் ‘வேளாண்மை சார்ந்த தொழில்’ போல, தொடர்பு இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. ‘நோக்கிய’ என்றால் வாசல் எந்தப் பக்கம் என்ற கேள்வி உடனே வரும். வரவேண்டிய கேள்வியும் அதுதான். நகரமைப்பாளர்கள் டி.ஏ.டி. என்று ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்வார்கள்: ‘அட்ஜேசன்ட்’, அதாவது நிலையத்தை ஒட்டி மட்டும் நிற்கும் கட்டடம். ஒட்டியது வேறு, நோக்கியது வேறு.

ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். மதில் மெட்ரோ படிக்கட்டிலிருந்து 120 மீட்டரில் நிற்கிறது. வரைபடத்தில் கோல் வைத்து அளந்தால் அருமையான இடம். ஆனால் கேட் பின்பக்கச் சாலையில். காவலாளி ஒரு வாசல் போதும் என்கிறார், குடியிருப்போர் சங்கமும் அதற்குத் தலையாட்டுகிறது. வீட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து மதிலைச் சுற்றி மெயின் ரோடு, அங்கே சாலை கடக்க ஏறி இறங்கும் நடைமேம்பாலம் என்று கூட்டினால் 900 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவருக்கு 11 நிமிடத்துக்கு மேல், படி ஏறும் நேரம் தனி. தரைத்தளம் முழுக்க கார், தெருவைப் பார்த்து ஒரு கடை கிடையாது, ராத்திரி 9 மணிக்கு அந்த மதிலோரம் தனியாக நடக்க யாருக்கும் மனம் வராது. அதில் இருப்பவர் காரை எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே மதிலில் நிலையத்தின் பக்கம் ஒரு சின்ன வாசல் திறந்தால் 900 மீட்டர் 200 ஆகிவிடும். செலவு ஒரு இரும்புக் கதவும் ஒரு காவலாளியின் சம்பளமும்.

நடைபாதையும் இப்படித்தான். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல், நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லா அகலம் கேட்கிறது. ‘தடையில்லா’ என்பதுதான் முக்கியம். 2 மீட்டர் நடைபாதை போட்டு, அதன் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் நின்றால் மிஞ்சுவது முக்கால் மீட்டர். சக்கர நாற்காலி அதில் நுழையாது. குழந்தையைக் கைப்பிடித்து வருகிற அம்மா சாலையில் இறங்குவார்.

2017-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பரப்பை இதன் எல்லையாக வைக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான ‘இன்ஃப்ளூயன்ஸ் ஸோன்’ என்பதைச் ‘செல்வாக்கு மண்டலம்’ என்று பெயர்த்தால் ஏதோ எம்.எல்.ஏ.வின் பேட்டை போலத் தொனிக்கும். ‘நடையெல்லை’ போதும். அது வட்டமாக வரையப்படும்போதுதான் சிக்கல். கட்டம் கட்டமாகத் தெருக்கள் போகும் பேட்டையில், மூலைவிட்டமாக 500 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு நடை 700 மீட்டர். முட்டுச்சந்தும் மழைநீர் ஓடும் ராஜகால்வாயும் குறுக்கே வந்தால் கணக்கே வேறு. காலால் அளந்து வரைகிற எல்லை வட்டமாக இருக்காது, கடித்த இட்லி மாதிரி இருக்கும்.

எஃப்.ஏ.ஆர். பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ., தமிழில் தளப்பரப்புக் குறியீடு. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. முப்பதுக்கு நாற்பது சைட் 1,200 சதுர அடி, குறியீடு 1.75 என்றால் 2,100 சதுர அடி கட்டலாம், 4 என்றால் 4,800. டி.ஓ.டி. என்றாலே இதை உயர்த்துவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றிலும் இடம் விட்டுத் தளத்துக்கு 720 சதுர அடி கட்டினால், 4,800-ஐ எட்ட ஏழு தளம் வேண்டும். 30 அடி அகல மனையில் மாடிப்படி, லிஃப்ட், தீயணைப்பு வழி போக என்ன மிஞ்சும்? நான்கைந்து சைட்டை ஒன்று சேர்க்க முடிந்தவருக்கே அந்த அனுமதி பயன்படும். தெருவும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பழைய அளவிலேயே இருக்கும். வாடகை ஏறி, தினமும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகிறவரே முதலில் வீடு மாற்றுவார். அவர் இடத்துக்கு இரண்டு கார் வைத்திருப்பவர் வந்தால் எண்ணிக்கையில் நெருக்கம் கூடியிருக்கும், ரயிலில் ஆள் கூடியிருக்காது. காருக்கான இடத்தையும் கூடவே குறைக்கச் சொல்கிறது தேசியக் கொள்கை. தில்லி மாஸ்டர் பிளான் அடித்தளத்தில் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் கணக்கிடுகிறது. சுமார் 344 சதுர அடி. பெங்களூரின் பழைய பேட்டையான அல்சூரின் சந்துகளில் அந்த அளவில் ஒரு குடும்பமே இருக்கும்.

அல்சூரும், அதே ஊரின் ஸ்ரீராமபுரமும் இந்தப் பேச்சில் விட்டுப்போகிற பெயர்கள். கீழே கடை, மேலே வீடு, நடக்கிற தூரத்தில் மார்க்கெட் என்று கொள்கை கேட்கும் வடிவம் அங்கே மெட்ரோ வருவதற்கு வெகு முன்பே இருந்தது. டி.ஓ.டி. என்ற சொற்றொடரை 1993-ல் வந்த தன் நூலால் பரப்பியவர் பீட்டர் கால்தோர்ப் என்ற அமெரிக்க நகரமைப்பாளர். ஆனால் நிலையத்தைப் பார்த்து முகம் திருப்பிய தெரு எப்படியிருக்கும் என்று தெரிய மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் போதும். நெரிசலைத் திட்டிக்கொண்டே எல்லோரும் போகிறார்கள், காரில் மட்டும் யாரும் போவதில்லை.

இப்போது ஆப் ஆட்டோ, யூலு போன்ற வாடகை மின்வண்டி, மின்ஸ்கூட்டர் எல்லாம் வந்தபின் நடையெல்லை மட்டும் போதுமா என்ற கேள்வி எழுகிறது. இவற்றை மொத்தமாக ‘மொபிலிட்டி’ என்கிறார்கள். ‘நகர்வு’ சரியான தமிழ். நகர்வும் நகரமும் ஒரே வேர் என்று எழுதத் தோன்றும். ஓசை ஒற்றுமையை வைத்து வேர் சொல்லிவிடக் கூடாது. 10 நிமிடத்தில் கால் 800 மீட்டர் போகும், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் 2 கிலோமீட்டர் போகும். தூரம் இரண்டரை மடங்கு, பரப்பு ஆறேகால் மடங்கு. ஒரே நிலையம் அத்தனை வீடுகளுக்கு எட்டும்.

எட்டும், வாசலில் இடம் இருந்தால். ஆட்டோ ஆள் இறக்குவதற்கென்று தனி ஒதுக்கம் இல்லாத நிலையத்தில் அது பஸ் நிறுத்தத்தில் நிற்கும், பஸ் நடுரோட்டில் நிற்கும், இறங்குகிறவர் ஸ்கூட்டருக்கு முன்னால் குதிப்பார். 20 நிமிடத்துக்கு ஒன்று வரும் இணைப்புப் பஸ்ஸுக்குச் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அது 800 மீட்டர் நடைக்குச் சமம், அதனால்தான் அது காலியாக ஓடுகிறது. பஸ் வேண்டாம் என்று மக்கள் சொல்வதாக எடுத்துக்கொண்டு அதை நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

ஆக, முழு வடிவம்: பொதுப் போக்குவரத்து நோக்கிய வளர்ச்சி. ‘பொது’வுக்குப் பின் ப் மிகும்; ‘கிழக்கு நோக்கிய’ போல வேற்றுமை உருபு தொக்கி நிற்பதால் ‘போக்குவரத்தை’ என்று நீட்ட வேண்டியதில்லை. தலைப்புக்கு நீளம் என்றால் ‘நிலையம் நோக்கிய வளர்ச்சி’. பஸ் நிலையமும் அதில் அடங்கும். மதில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதை ‘நிலையம் ஒட்டிய கட்டடம்’ என்றே எழுதலாம், விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும்.