வீட்டை விட்டு வந்த பிறகான முதல் ஐந்து நாட்கள்

"அங்க போனா உள்ள வச்சுப் பூட்டிருவாங்களா?" வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறும் பெண்களுக்கான தங்கும் இல்லம் என்ற பேச்சை எடுத்ததும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அடுத்தது, "வீட்டுக்காரருக்குச் சொல்லிருவாங்களா?" இரண்டுக்கும் பதில், இல்லை. 18 வயது நிரம்பிய பெண் தன் விருப்பத்தில் வருகிறாள். போவதும் அவள் விருப்பம். வந்து போகும் நேரத்தில் கட்டுப்பாடு இருக்கும், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு பயத்தால்தான் பலர் ராத்திரி அடியை வாங்கிக்கொண்டு வாசல் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 6, கேட்கும் பெண்ணுக்கு இல்லம் இடம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. இந்தச் சட்டத்தின்படி உதவுவதற்கென்று அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் கேட்கலாம், நேரே போய் நீங்களே கேட்கலாம். "முதலில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டால், அவள் அங்கே இருப்பதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் "பிரிவு 6-இன் கீழ் தங்குமிடம் கேட்கிறேன், நான் இங்கிருப்பதை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் இன்னொருவரை எழுதச் சொல்லிப் படிக்கக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைக்கலாம்.

அவசரத்துக்குப் போக வேண்டிய இடம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையம். சகி மையம் என்றும் சொல்வார்கள். 181-ஐ அழைத்தால், மதுரை நகரமோ பேரையூர்ப் பக்கத்துக் கிராமமோ, எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். இரவு பகல் இல்லாமல் இயங்கும் இலவச எண் அது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த மையத்தில் பொதுவாக 5 நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு நெடுநாள் தங்கும் இல்லங்கள் உண்டு. முன்பு சுவாதார் இல்லம் என்றிருந்தவை இப்போது சக்தி சதன் என்ற பெயரில் இயங்குகின்றன. அவற்றின் முகவரியை இங்கே எழுதாதது வேண்டுமென்றுதான். பெண் பிள்ளைகள் எந்த வயதானாலும் தாயோடு தங்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. வளர்ந்த பையன் இருந்தால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு இது தெரியவந்தால், அம்மாவும் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்.

கிளம்பும் நேரமும் கிளம்பிய பிறகான சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். கணவர் வேலைக்குப் போன பகல் நேரம்தான் தோதானது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது; கையில் காசில்லை என்பதற்காக நிற்க வேண்டியதில்லை. நேரே தாய் வீட்டுக்குப் போக வேண்டாம். அதற்கும் காரணம் இருக்கிறது. அவர் முதலில் தேடி வருவது அங்கேதான். பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசி, மறுநாளே திருப்பி அனுப்பிவைப்பதும் அங்கேதான்.

அடி பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரியோ தாலுகா அரசு மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதுதான் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. என்ன நடந்தது என்று கேட்பார். பக்கத்தில் மாமியாரோ கொழுந்தனோ நிற்க, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்துவிடும். அந்த ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் எடுத்து நீட்டுவார். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் கேட்கலாம். எத்தனை பேர், தெரிந்தவரா, எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "தெரிந்த நபர் ஒருவர், கட்டையால், வீட்டில் வைத்து, இரவு 10 மணிக்கு." சொன்னது அப்படியே ஏறியிருக்கிறதா என்று வாசிக்கக் கேளுங்கள். பதிவேட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழுத்தை நெரித்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் காயப்பட்டிருக்கலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண்ணில் ரத்தப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பரிசோதனை வேண்டும். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவர் பிறகு கொலை வரை போகும் ஆபத்து மிக அதிகம். இதை மூன்றாவது நாள், பேச்சுவாக்கில், "கழுத்தையும் பிடிச்சார்" என்று சொல்கிறார்கள். முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது.

அடுத்தது போன். இருக்கும் இடம் வெளியே கசிவது பெரும்பாலும் இதனால்தான். போன் வாங்கிய அன்று கடையில் வைத்து அவர் போட்டுக் கொடுத்த ஜிமெயில் கணக்குதான் இன்னமும் அதில் ஓடிக்கொண்டிருக்கும், பாஸ்வேர்டு அவரிடம். போன் எங்கே இருக்கிறது என்று அதை வைத்தே அவர் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறந்தால் அவருடைய கம்ப்யூட்டரும் இணைந்திருப்பது தெரியும். பிள்ளை கையிலிருக்கும் பழைய போனையும் மறக்காதீர்கள். கிளம்பும் முன்பே அணைத்துவிட்டு, மையத்துக்கு வந்ததும் தெரிந்தவரை வைத்துக்கொண்டு திறப்பது நல்லது. ஆனால் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்துவிடாதீர்கள். மிரட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், காயத்தின் படங்கள் எல்லாமே சாட்சியம். முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, அதன் பிறகு கணக்கை மாற்றுங்கள்.

வங்கிக் கணக்கிலும் இதே சிக்கல்தான். மாதா மாதம் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் பெண்ணின் கணக்கில் விழும், ஏ.டி.எம். கார்டும் குறுஞ்செய்தி வரும் நம்பரும் வீட்டுக்காரருடையதாக இருக்கும். நீங்கள் பணம் எடுத்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும். பாஸ்புக், ஆதாரோடு வங்கிக்குப் போய் முதலில் நம்பரை மாற்றுங்கள்.

பை கட்ட நேரம் கிடைத்தால் துணிமணியை விடக் காகிதம் முக்கியம். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, நகை ரசீது, அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை. கழுத்து நிறைய நகை போட்டிருக்கும் கல்யாண ஃபோட்டோ ஒன்றிரண்டு போதும். என்னென்ன நகை கொண்டு வந்தீர்கள் என்று காட்ட அது உதவும். எதையும் எடுக்க முடியவில்லையென்றால் எதுவும் இல்லாமலே வாருங்கள். சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

வந்து சேர்ந்ததும் உடம்பு அசந்துபோகும். முதல் நாள் தூங்கட்டும். இரண்டாம் நாளிலிருந்து காரியம் நடக்க வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் கீழ் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், நடந்த வன்முறையை எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து, அதே 2005 சட்டத்தின் பிரிவு 12-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட உதவுவார். இதற்குக் கட்டணம் இல்லை. வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகக் கிடைக்கும், எண் 15100. மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கணவர் வராவிட்டாலும், ஆபத்து தெரிந்தால், பிரிவு 23-இன் கீழ் இடைக்கால உத்தரவு போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கல்யாணம் நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். முழு வழக்கையும் 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதலிலேயே கேட்க வேண்டும்.

இதற்கிடையில் ஊரில் அவர் "மனைவியைக் காணவில்லை" என்று புகார் கொடுத்திருப்பார், சில சமயம் "நகையோடு ஓடிவிட்டாள்" என்றும். மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன் வந்ததும் பல பெண்கள் நடுங்கிப்போகிறார்கள். மையத்தின் மூலமாகவே, "நான் என் விருப்பத்தில் வந்திருக்கிறேன், பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று எழுத்தில் வாக்குமூலம் கொடுங்கள். இருக்கும் இடத்தைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் அதில் சேருங்கள். நீங்கள் தரும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் நகராதீர்கள். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதச் சொன்னால், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பை நினைத்துத்தான் பலர் மூன்றாம் நாளே திரும்புகிறார்கள். 6 முதல் 14 வயது வரை, டி.சி. தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் டி.சி. கேட்கும்போது புதுப் பள்ளியின் பெயர் பழைய பள்ளிக்குத் தெரிந்து, அங்கே போய் நிற்கும் அப்பாவுக்கும் போய்விடலாம். இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் பாதுகாப்பு அலுவலரை முன்கூட்டியே பேச வையுங்கள்.

திரும்பிப் போக முடிவெடுத்தாலும் அது அந்தப் பெண்ணின் முடிவு. அதற்காக யாரும் அவளைக் கடிந்துகொள்ளக் கூடாது. போகும்போது மனு எண், ஏ.ஆர். எண், சி.எஸ்.ஆர். எண் மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மறுபடி வந்தால், போன தடவை எழுதியதிலிருந்தே தொடரலாம்.