தரவுத்தளத்துக்கே தெரியாத கடவுச்சொல்

காலையில் நிர்வாகி ஒரு விதியை மாற்றுகிறார்: இனிமேல் கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையக்கூடாது. அன்று மாலையே, ஆறெழுத்துக் கடவுச்சொல் வைத்திருக்கும் ஒருவர் வழக்கம்போல உள்ளே நுழைகிறார். தரவுத்தளம் மூச்சுவிடவில்லை. விதி வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம் வரும். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

விஷயம் இதுதான்: நம் கடவுச்சொல் என்னவென்று தரவுத்தளத்துக்கே தெரியாது. கொடுத்த சொல்லை ஒரு கணக்கீட்டில் போட்டு அரைத்து, கிடைக்கும் ஹாஷை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. ஹாஷைத் திருப்பிப் போட்டு மூலச் சொல்லை எடுக்க வழியில்லை. ஆறெழுத்துச் சொல்லின் ஹாஷும் அறுபது எழுத்துச் சொல்லின் ஹாஷும் ஒரே நீளம். பழைய கணக்குகளை இரவோடு இரவாகச் சோதித்து "இது சின்னது, அது பலவீனம்" என்று பிரித்தெடுக்க, பார்ப்பதற்கு அங்கே எதுவுமில்லை. லாகின் நேரத்தில் கேட்கப்படுவதும் பொருந்துகிறதா இல்லையா என்பது மட்டுமே. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இன்று பயன்படுத்தும் ஸ்க்ராம் என்ற லாகின் முறையில் கடவுச்சொல் வலைவழியே சர்வருக்குப் போவதே இல்லை.

ஆகவே நீளம், எண், குறி போன்ற விதிகளுக்கு உயிர் இருப்பது கடவுச்சொல்லை வைக்கும் அல்லது மாற்றும் அந்தக் கணத்தில் மட்டும்தான். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இப்படிச் சோதிப்பதற்கென ஒரு கூறு உண்டு. அதன் நடுத்தரக் கடுமை 8 எழுத்து கேட்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாவற்றிலும் ஒன்றாவது வேண்டும் என்னும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பயனரும் ஒரு ப்ரொஃபைலின்கீழ், அதாவது ஒரு விதித்தொகுப்பின்கீழ், வருகிறார். கடவுச்சொல்லைச் சோதிக்கும் சிறு நிரல் அந்த ப்ரொஃபைலில் மாட்டப்படுகிறது. இயல்பாக வரும் ப்ரொஃபைலில் அந்த இடம் காலி, நாமாக மாட்டினால்தான் உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரோ வேலையை விண்டோஸின் கடவுச்சொல் கொள்கையிடமே தள்ளிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாக மாற்றும் வழி, அதை நம் கணினியிலேயே ஹாஷாக்கி அனுப்புவது. அப்போதுதான் மூலச் சொல் சர்வரின் பதிவேடுகளில் சிக்காது. ஆனால் ஏற்கெனவே அரைத்து வந்ததைச் சர்வரில் இருக்கும் சோதனைக் கூறு எப்படி அளக்கும்? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றா என்பதைத் தாண்டி அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நல்ல பழக்கமே விதியின் கண்ணைக் கட்டிவிடுகிறது. "பழையதிலிருந்து சில எழுத்துகளாவது மாறவேண்டும்" என்ற விதிக்கும் இதே கதி: பயனர் பழைய சொல்லையும் சேர்த்துத் தந்தால்தான் ஒப்பிட முடியும். நிர்வாகி மாற்றிவிட்டால் அந்த ஒப்பீடு நடக்காது. பழைய சொல்லையே திரும்ப வைப்பதைத் தடுப்பது மட்டும் எளிது. பழைய ஹாஷ்களின் பட்டியல் ஒன்று போதும்.

சரி, எவ்வளவு கடுமையாக வைப்பது? குறிகளும் எண்களும் கலந்த 8 எழுத்தில், விசைப்பலகையின் 95 வடிவங்களைக் கொண்டு, சுமார் 66 கோடி கோடி சேர்க்கைகள் வரும். வெறும் சிறிய எழுத்துகளில் 12 வைத்தால் அதைவிட 14 மடங்கு அதிகம். மனிதர் கலக்கும் விதம் வேறு ஊகிக்கத் தக்கது: முதல் எழுத்து பெரியது, கடைசியில் 1, அப்புறம் ஓர் ஆச்சரியக்குறி. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்டுக்காகக் கலப்பு விதிகளையும் அடிக்கடி மாற்றும் விதியையும் எழுதிய பில் பர், அதற்காக வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டு நிஸ்டும் அவற்றைக் கைவிட்டது. நீளமும், கசிந்த சொற்களின் தடைப்பட்டியலுமே முக்கியம் என்றது. என் கட்சியும் அதுதான்.

லாகின் வாசலில் நிற்கும் விதி வேறு ரகம். ஆரக்கிளின் இயல்பு அமைப்பில் தொடர்ந்து 10 முறை தவறினால் கணக்கு ஒரு நாள் பூட்டப்படும். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி 8.0.19 பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரெஸில் பூட்டு கிடையாது, தவறான முயற்சிக்குப் பதிலைத் தாமதப்படுத்தும் ஒரு துணைக்கூறு உண்டு. பூட்டுவது நல்லதாகத் தோன்றும். ஆனால் பயனர் பெயர் தெரிந்த எவரும் வேண்டுமென்றே பத்து முறை தப்பாகத் தட்டி, உரியவரையே வெளியே நிறுத்தலாம். எதிரிகூட வேண்டாம்: கடவுச்சொல்லை மாற்றியது தெரியாத ஒரு பயன்பாடு (தரவுத்தளத்துக்குள் தானாகவே நுழையும் மென்பொருள்) பழையதையே சில நொடிக்கொரு முறை அனுப்பி ஒரே நிமிடத்தில் தன் கணக்கைத் தானே பூட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல் பழையது, புதியது இரண்டையும் கொஞ்ச காலம் செல்ல விடுகிறது. ஆரக்கிளும் பின்னர் இதே வசதியைக் கொண்டுவந்தது.

காலாவதி விதியில் சிக்குவதும் பெரும்பாலும் பயன்பாடுகளே. ஆரக்கிள் 11ஜி தன் இயல்பு ப்ரொஃபைலில் 180 நாள் ஆயுளும் 7 நாள் சலுகையும் வைத்தது. சலுகைக் காலத்தில் எச்சரிக்கை வரும், ஆனால் அதைப் படிக்கப் பயன்பாட்டுக்குள் ஆள் இல்லை. ஏற்கெனவே திறந்த இணைப்புகள் ஓடிக்கொண்டிருப்பதால் காலாவதியான அன்று ஒன்றும் நடக்காது. பல நாள் கழித்து யாரோ சர்வரை மறுதொடக்கம் செய்வார்; அப்போதுதான் எல்லாம் நிற்கும், பழியும் அவர்மேல் விழும். மைஎஸ்கியூஎல் 5.7-உம் தொடக்கத்தில் 360 நாள் ஆயுள் வைத்துப் பார்த்தது, 5.7.11-இல் அதைச் சுழியமாக்கிவிட்டது, அதாவது காலாவதியே இல்லை.

அந்த ஆறெழுத்துக்காரரை என்ன செய்வது? மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் போன்றவற்றில் அவருடைய கடவுச்சொல்லை நிர்வாகி ஒரே கட்டளையில் காலாவதியாக்கலாம். அடுத்த முறை நுழையும்போது புதியது கேட்கப்படும். அந்த ஒரு கணத்தில் 12 எழுத்து விதி அவரைப் பிடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரேயடியாக அந்தக் கட்டளையைப் போடுமுன், பட்டியலில் உள்ள கணக்குகளில் மனிதர் எது, பயன்பாடு எது என்று பிரித்துவிட வேண்டும். பயன்பாடுகளுக்கு வேறு ப்ரொஃபைல், கணினி குருட்டாம்போக்கில் உருவாக்கிய நீளமான கடவுச்சொல், காலாவதி இல்லை. மாற்றவேண்டிய நாளை நாள்காட்டியில் ஒரு மனிதர் குறித்துக்கொள்வார்.