‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ காய்கறி: தமிழில் எப்படிச் சொல்வது?

பள்ளி உணவைப் பற்றிப் பெற்றோர் பேசும்போது, ‘ஈகோ ஃப்ரெண்ட்லி காய்கறிதான் வாங்க வேண்டும்’ என்ற குரல் அடிக்கடி எழுகிறது. அப்படிச் சொல்பவரிடம் சற்று விசாரித்தால், ‘பிள்ளைக்கு மருந்தடிக்காத காய் போடுங்கள்’ என்பதே அவர் மனதில் இருப்பது தெரியும். முற்றிலும் நியாயமான கோரிக்கை. ஆனால் அவர் பயன்படுத்திய சொல் அதைக் குறிப்பதில்லை.

கிரேக்கத்தில் ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இந்த வேரிலிருந்துதான் சூழலியலுக்குப் பெயர் படைத்தார். அந்தப் பெயரின் ஆங்கில வடிவமான ‘ஈகாலஜி’யின் முன்பகுதியே இந்த ‘ஈகோ’. தன்முனைப்பைக் குறிக்கும் ‘ஈகோ’வையும் தமிழில் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறோம் என்பதால், தமிழ்ச் சொல்லின் தேவை இன்னும் கூடுகிறது. ‘சூழல் நேயம்’ புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு ‘சூழலுக்கு இசைந்த’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. நேயம் என்பது அன்பு. இங்கே பேச்சு அன்பைப் பற்றியதல்ல, மண்ணையும் நீரையும் கெடுக்காத விளைச்சலைப் பற்றியது.

இதனோடு குழம்புவது ‘ஆர்கானிக்’. 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு, பண்ணையை உறுப்புகள் இணைந்த ஓர் உயிருடலாகக் கண்டு இச்சொல்லை வேளாண்மைக்குக் கொண்டுவந்தார். ‘அங்கக’, ‘உயிர்ம’ ஆகிய இரண்டும் இதற்கு ஈடாக வழங்குகின்றன. அங்ககம் உறுப்பையும் உயிர்மம் உயிரையும் முன்வைக்கின்றன. பேச்சுக்கு இயல்பாக வருவது உயிர்மம்தான். பலரும் சொல்லும் ‘இயற்கை வேளாண்மை’ சற்று வேறு. ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா முன்வைத்த, உழாமலும் உரமிடாமலும் பயிர் செய்யும் முறைக்கு அந்தப் பெயரை விட்டுவைப்பது நல்லது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘உயிர்மச் சான்று’ விளைவித்த முறைக்குத் தரப்படுவது. அந்த முறையிலும் செம்புச் சேர்மங்கள் போன்ற சில மருந்துகளுக்கு அனுமதி உண்டு. பக்கத்து வயலில் தெளித்தது காற்றில் வந்து படியவும் கூடும். காயில் மிச்சமிருக்கும் நஞ்சு எவ்வளவு என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ‘நஞ்சில்லாத’ என்ற அடைமொழியை அத்தகைய சோதனை நடந்த இடத்தில் மட்டுமே எழுத வேண்டும்.

தென்கொரியாவில் ‘சூழலுக்கு இசைந்த’ என்ற பொதுப்பெயரின் கீழ் இரண்டு சான்றுகள் உள்ளன. உயிர்மம் என்றால் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லை, ரசாயன உரமும் இல்லை. ‘பூச்சிக்கொல்லியற்றது’ என்றால், பரிந்துரைத்த ரசாயன உர அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை இடலாம். பொதுப்பெயரை மட்டும் பார்த்து மகிழும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போகும். பிரான்சின் 2018ஆம் ஆண்டுச் சட்டமோ 2022 முதல் பள்ளி உணவகங்கள் வாங்கும் பொருள்களின் மதிப்பில் 20 விழுக்காடாவது உயிர்மமாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே சொல்லும் திட்டவட்டம், அளவும் திட்டவட்டம்.

ஆகவே பள்ளியின் உணவுப் பட்டியலில் வெறுமனே ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ என்று இருந்தால், ‘உயிர்மச் சான்று பெற்றதா, யார் அளித்த சான்று, எந்தெந்தப் பொருளுக்கு?’ என்று கேளுங்கள். சான்று இல்லையென்றால் ‘சூழலுக்கு இசைந்த முறையில் விளைந்தது’ என்று எழுதி, அந்த முறை என்ன என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.