சொல் விளக்கம்: திறமூல வன்பொருள்

பேச்சு வழக்கில்: ஓப்பன் ஹார்ட்வேர், ஓப்பன் சோர்ஸ் ஹார்ட்வேர்.
மலாயில்: பெர்காகாசான் சும்பெர் தெர்புகா.
பொருள்: வடிவமைப்புக் கோப்புகள் திருத்தத்தக்க நிலையிலேயே வெளியிடப்பட்டு, எவரும் அவற்றைப் படிக்கவும் மாற்றவும் அவற்றின்படி செய்யவும் விற்கவும் உரிமம் பெற்ற கருவி.

மலேசியாவில் 'ஹார்ட்வேர்' என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஆணியும் பெயிண்டும் குழாயும் விற்கும் கடைதான். அதில் தவறில்லை. ஆங்கிலத்தில் 'வேர்' என்பது விற்பனைச் சரக்கு. ஹார்ட்வேர் என்றால் இரும்புச் சாமான். கணினியோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்கு எதிர்ச்சொல்லாக 'சாஃப்ட்வேர்' என்பதைப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1958இல் அச்சில் எழுதினார். எழுத்தையே வல்லினம், மெல்லினம் என்று பிரித்து வைத்த மொழிக்கு இந்த இணையைப் பிடிப்பது எளிதாக இருந்தது: வன்மை, மென்மை இரண்டும் ஈறு கெட்டு வன்பொருள், மென்பொருள் ஆயின. இவற்றில் சச்சரவு இல்லை. மடிக்கணினியும் அப்படித்தான், மலாயின் 'கொம்பியூத்தர் ரிபா'வைப் போல மடியில் வைப்பது.

சச்சரவு 'ஓப்பன்' என்பதில். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற தொடர் 1998இல் மென்பொருளுக்காக உருவானது. வன்பொருளுக்கு அதைத் தழுவிய வரையறையின் 1.0 பதிப்பு 2011இல் வந்தது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் தன் திறமூல வன்பொருள் உரிமத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்த உரிமத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்று வகை. ஒன்று, மாற்றம் செய்து விற்பவரும் தம் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்கும், ஒன்று அரைக் கண்டிப்பு, மூன்றாவது கேட்காது.

தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. 'திறந்த வன்பொருள்' சொல்ல எளிது, ஆனால் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து வைத்த கணினியும் திறந்த வன்பொருள்தானே. 'கட்டற்ற வன்பொருள்' மென்பொருள் உலகிலிருந்து வந்தது. விடுதலையை அழகாகச் சொல்கிறது; செர்னின் கண்டிப்பான வகையைப் பார்த்தால் கட்டு இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். 'திறமூல வன்பொருள்' என்பதே எங்கள் தேர்வு. திறமூலம் வினைத்தொகை: திறந்த மூலம், திறக்கிற மூலம், திறக்கும் மூலம் என மூன்று காலத்துக்கும் விரியும். முதல் பலகையின் கோப்பை வெளியிட்டுவிட்டு, திருத்திய இரண்டாம் பலகையின் கோப்பைப் பதுக்கும் நிறுவனம் இலக்கணப்படியும் சறுக்குகிறது. மலாய்த் தொடரும் 'சும்பெர்' என்று மூலத்தைச் சொல்லத் தவறவில்லை.

அந்த மூலம் எது என்பதைப் பினாங்கில் விளக்குவது எளிது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுப் பொருத்தாலையை, அதாவது உதிரிகளைப் பொருத்தும் ஆலையை, 1972இல் இங்கேதான் அமைத்தது. அன்றிலிருந்து பாயான் லெப்பாசில் மின்பலகையைத் தொடாத குடும்பம் குறைவு. பொருத்தாலைக்கு வந்து சேர்வன மூன்று: செம்புத் தடங்களை அடுக்கு அடுக்காகக் காட்டும் கெர்பர் கோப்புகள், உதிரிபாகப் பட்டியல், எந்த உதிரி எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் என்ற இருப்பிடக் கோப்பு. இவை இருந்தால் பத்தாயிரம் பலகை செய்யலாம். ஆனால் ஒரு தடத்தை நகர்த்தி வேறு இணைப்பியைப் பொருத்த முடியாது, ஏனென்றால் கெர்பர் வெறும் படம். எந்தத் தடம் எந்த உதிரியின் எந்தக் காலுக்குப் போகிறது என்ற அறிவு வழக்கமாக அதில் இருக்காது. சுற்று வரைபடத்தின் பிடிஎஃப் நகலும் அப்படியே. பழுது பார்ப்பவருக்கு அது பொன், மாற்றி வடிவமைப்பவருக்குப் போதாது. வடிவமைத்தவர் எந்தக் கோப்பைத் திறந்து வேலை செய்தாரோ அதுதான் மூலம். கீகேட் போன்ற நிரலில் வரைந்த சுற்று வரைபடமும் பலகை வரைவும், உறையின் முப்பரிமாண மூலக் கோப்பும், விசைப்பலகையையும் மின்கலத்தையும் கவனிக்கும் சிறு கட்டுப்படுத்திகளின் நிரலும் அதில் அடங்கும்.

வெளியிட்டும் பயன்படாமல் போகும் கோப்புகள் ஏராளம். வழக்கமான கோளாறு, சின்னங்களும் (வரைபடத்தில் உதிரியைக் குறிப்பவை) கால்தடங்களும் (பலகையில் உதிரி அமரும் செம்பு வடிவங்கள்) அடங்கிய நூலகம் வடிவமைத்தவரின் கணினியில் வேறொரு கோப்புறையில் தங்கிவிடுவது. பிறர் திறந்தால் உதிரிகள் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி. திட்டக் கோப்புறைக்குள்ளேயே நூலகத்தைச் சேர்த்து, வேறொரு கணினியில் புதிதாகப் பதிவிறக்கித் திறந்து பார்த்தபின் வெளியிட வேண்டும். அடுத்தது பதிப்பு. பலகையில் அச்சிட்ட திருத்த எண்ணும் கோப்பின் குறிச்சீட்டும் ஒன்றாக இல்லாவிட்டால், கையில் இருப்பது எந்தப் பலகை என்றே தெரியாது. உதிரிபாகப் பட்டியலில் '10 கிலோ ஓம், 1%' என்பது மின்தடைக்குப் போதும். கீலுக்கும் திரை இணைப்பிக்கும் தயாரிப்பாளரின் முழுப் பாக எண் வேண்டும். அது சந்தையில் தீர்ந்தால் எதைப் போடலாம் என்ற மாற்றும் வேண்டும். பலகையின் அடுக்கமைப்பை, அதாவது செம்பும் காப்பும் எந்தத் தடிமனில் அடுக்கப்படுகின்றன என்பதை, சொல்லாமல் விடுவதும் உண்டு. யூஎஸ்பியின் இணைத்தடத்துக்கு (சோடியாக ஓடும் இரு தடங்கள்) 90 ஓம் மின்மறுப்பு, எச்டிஎம்ஐக்கு 100 ஓம் என்று கணக்கிட்ட தட அகலம், காப்புத் தடிமன் மாறினால் பொய்த்துவிடும். அதே கோப்பு, வேறு பலகை ஆலை, முடிவில் விட்டு விட்டு வரும் திரை.

எல்லாவற்றையும் திறந்த மடிக்கணினி என்று எதுவும் இல்லை, அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. செயலிச் சில்லு மூடியது. என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ்8எம் செயலியில் நினைவகத்தைப் பழக்கும் சிறு நிரல் (கணினி தொடங்கும்போது நினைவகத்தோடு நேரத்தை ஒத்திசைப்பது) மூலம் இல்லாமல் இரும வடிவில்தான் கிடைக்கும். வைஃபை தொகுதிகளின் உள்நிரலும் பெரும்பாலும் அப்படி. திறமூல வன்பொருள் சங்கத்தின் சான்றிதழ் கேட்பது, வடிவமைத்தவர் கைக்குள் இருக்கும் பங்கு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பதை. பிறர் செய்த சில்லுக்கு அவர் பொறுப்பல்ல.

இந்த அளவுகோலில் நிற்கும் மடிக்கணினிகள் சில. சிங்கப்பூரில் பன்னி ஹுவாங்கும் ஷான் கிராஸும் வடிவமைத்து, 2014இல் கூட்டுநிதி திரட்டிய நோவேனா. பல்கேரியாவின் ஓலிமெக்ஸ் விற்ற டெரெஸ். பெர்லினின் எம்என்டி ரீஃபார்ம். ரீஃபார்மில் 18650 என்ற உருளை அளவில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் எட்டு, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், பயனரே கழற்றி மாற்றலாம். செயலி தனிப் பலகையில் இருப்பதால் அதையும் மாற்றலாம். பைன்புக் புரோ மடிக்கணினிக்குச் சுற்று வரைபடம் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. மடிக்கணினி நிறுவனமான ஃபிரேம்வொர்க் தன் விரிவாக்க அட்டைகளின் வடிவமைப்பைத் தந்திருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள், பழுது பார்க்க உகந்தவை. ஆனால் முதன்மைப் பலகையின் மூலம் வெளியே இல்லாதவரை இந்தச் சொல்லை அவற்றுக்குச் சூட்டக் கூடாது.

'திறமூலம் என்றால் இலவசமா?' என்று கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் கேட்டால், இல்லை. கோப்பு இலவசம், பலகைக்கும் திரைக்கும் காசு. நூறு இருநூறு கணினி விற்கும் சிறு நிறுவனத்தின் கணினி, அதே வேகமுள்ள பெரிய நிறுவனக் கணினியைவிட விலை கூடவே இருக்கும். பிளாஸ்டிக் உறைக்கு வார்ப்பு அச்சு செய்யும் செலவைச் சில நூறு கணினிகள் தாங்காது. அதனால் அலுமினியத்தைக் கடைந்தெடுக்கிறார்கள்; அதற்கு முன்செலவு குறைவு, ஆனால் நூறாவது உறையும் முதல் உறையளவு நேரம் பிடிக்கும். பிறர் நகலெடுத்து விற்றுவிட மாட்டார்களா என்றால், விற்கலாம், உரிமமே அதைத்தான் தருகிறது. பெயரையும் சின்னத்தையும் மட்டும் எடுக்க முடியாது. மாற்றியமைத்த கருவிக்கு வேறு பெயர் வேண்டும் என்று கேட்க வரையறை இடம் தருகிறது. ஆகவே வணிக முத்திரையைப் பதிவு செய்யாமல் கோப்புகளை வெளியிடுவது அவசரக்கோலம்.

திறமூலம் என்பதால் அனுமதிகளில் சலுகை கிடையாது. வைஃபை உள்ள கருவியை மலேசியாவில் விற்க, தரச்சான்று நிறுவனமான சிரிம் வழியாகச் சான்று பெற வேண்டும். லித்தியம் கலங்களுக்கு ஐநா 38.3 என்ற போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனையின் அறிக்கை இல்லாவிட்டால் சரக்கு அனுப்பும் நிறுவனம் பெட்டியைத் தொடாது. லித்தியம் அயனிக் கலங்களைத் தனியாக அனுப்பினால் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

பயன்பாடு: விளம்பரத்தில் 'முழுத் திறமூல மடிக்கணினி' என்று எழுதுவதைத் தவிர்க்கவும். 'முதன்மைப் பலகை, விசைப்பலகை, உறை: திறமூலம். செயலிச் சில்லு, நினைவகப் பழக்கு நிரல், வைஃபை உள்நிரல்: மூடியவை' என்று பெட்டியிலேயே அச்சிடலாம். அதனடியில் பலகையின் திருத்த எண், உரிமத்தின் பெயர், கோப்புகள் இருக்கும் முகவரி.