டி.வி.யை ஏன் படுக்கப் போடக்கூடாது?

அசோக் நகரிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாறும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "55 அங்குல டி.வி.யைக் காரின் பின்சீட்டை மடக்கி, படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் ஒரு பக்கமாக ஓடிவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா சார்?"

நிற்க வைக்கச் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் தப்பு.

எல்.சி.டி. திரை என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே கொஞ்சம் திரவப் படிகமும்தான் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகத்தில்போல் ஒழுங்காக வரிசையில் நிற்கும் பொருள் அது). கடையில் 'எல்.இ.டி. டி.வி.' என்று விற்பதும் பெரும்பாலும் இதுவே, எல்.இ.டி. பின்னாலிருந்து வெளிச்சம் போடுகிறது, அவ்வளவுதான். தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 3 முதல் 4 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. 55 அங்குலத் திரை ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். பெருக்கிப் பார்த்தால் மொத்தத் திரவமே சுமார் 3 மில்லிதான். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அதையும் குமிழி இல்லாமல் நிரப்பி நாலு ஓரத்தையும் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். ஓடுவதற்குக் காலியிடம் வேண்டுமே!

திரவப் படிகம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் கண்டுபிடித்தது பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகரின் குழு. (நட்சத்திரங்களை ஆராய்ந்த சந்திரசேகர் வேறு.) அந்தக் கட்டுரை வெளியானது நம்முடைய இயற்பியல் இதழான 'பிரமாணா'வில். பிற்பாடு ஜப்பானியர்கள் அந்த வகை மூலக்கூறுகளை வைத்து, எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியச் செய்யும் படலம் தயாரித்து உலகத்துக்கே விற்றார்கள். நாம் திரைகளை இறக்குமதி செய்து சட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். சிப், திரைத் தொழிற்சாலைகளுக்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது நல்லதுதான். அதில் ஒரு துளியாவது ஆய்வுக்கூடங்களுக்கு அந்த 1977இலேயே போயிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஒவ்வொரு தகடும் 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர்தான். இரண்டையும் சேர்த்து 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதைப் படுக்க வைத்து, 68 செ.மீ. தள்ளியிருக்கும் இரண்டு ஓரங்களில் மட்டும் தாங்கினால், தன் எடையிலேயே நடுவில் சுமார் 1 செ.மீ. தொய்யும் என்கிறது கணக்கு. உண்மையான டி.வி.யில் நாலு பக்கமும் சட்டமும் பின்னால் சில தாள்களும் தாங்குவதால் தொய்வு குறைவு. ஆனால் போகும் திசை அதுதான். அதே தகட்டை நிறுத்தினால் எடைக்கு எதிரே நிற்பது 1 மி.மீ. தடிமன் அல்ல, 68 செ.மீ. உயரம். வளைவை எதிர்க்கும் திறன் அந்த இரண்டின் விகிதத்தின் இருமடிக்கு ஏறுகிறது: 680 பெருக்கல் 680. நாலரை லட்சம் மடங்குக்கும் மேலே! ஒரு ஸ்பிரிங்கோ தெர்மாகோலோ இல்லாமல், திருப்பி வைப்பதால் மட்டுமே கிடைக்கும் பலம் இது.

இதோடு நம் வேகத்தடைகளைச் சேருங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும் என்கிறது சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். அது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதன்மேல் போகும்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தெருவாசிகளே சிமெண்டைக் கொட்டிப் போட்ட மேடு அதே உயரத்தில் 60 செ.மீ. அகலம் இருந்தால் ஆரம் அரை மீட்டர்தான். அங்கே 10 கி.மீ. வேகத்திலேயே கணக்கு புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கைத் தொடுகிறது. டயரும் ஸ்பிரிங்கும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிச்சம் கண்ணாடிக்கு.

தொய்ந்தால் என்ன, மறுபடி நிமிராதா? நிமிரும். வளையும்போது கண்ணாடியின் ஒரு முகம் அமுங்குகிறது, மறுமுகம் இழுபடுகிறது. அமுக்கத்தைக் கண்ணாடி நன்றாகவே தாங்கும். இழுவைதான் ஆகாது. ஏன் ஆகாது என்பது இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த கதைகளில் ஒன்று.

அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி எஃகை மிஞ்ச வேண்டும். நடைமுறையில் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. 1921இல் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்துச் சோதித்தார். 1 மி.மீ. பருமனுள்ள இழையைவிட 3 மைக்ரான் இழை, அதே பரப்புக்கு, ஏறக்குறைய 20 மடங்கு இழுவையைத் தாங்கியது. ஒரே கண்ணாடிதான். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை என்பதுதான் வித்தியாசம். ஜவுளிக் கடையில் துணி கிழிப்பவரைப் பார்த்திருப்பீர்கள்: ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் ஒரே இழு. வெட்டில்லாமல் கிழிக்கச் சொன்னால் அவருக்கும் கை வலிக்கும். கண்ணாடியிலும் இழுவை முழுக்கக் கீறலின் நுனியில் குவிகிறது. 10 மைக்ரான் ஆழமுள்ள கீறலின் நுனி ஒரு நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூர்மையாக இருந்தால், அந்த இடத்தில் விசை சுமார் 200 மடங்கு.

கிரிஃபித் அதோடு நிற்கவில்லை. கீறலுக்கு வரவு செலவு எழுதினார். கீறல் நீளும்போது சுற்றியுள்ள கண்ணாடி தளர்ந்து ஆற்றலை விடுகிறது, அது வரவு. புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. கீறல் சிறிதாக இருக்கும்வரை செலவே அதிகம், அதனால் அது பேசாமல் கிடக்கும். ஒரு நீளத்தைத் தாண்டியதும் வரவு முந்துகிறது. அப்புறம் யார் தடுத்தாலும் நிற்காது. திரையை அளவுக்கு வெட்டும்போதே ஓரங்களில் இப்படிப்பட்ட நுண்கீறல்கள் வந்துவிடுகின்றன. தூக்கும்போது ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

பேசாமல் கிடக்கும் கீறலையும் வளர்ப்பது ஒன்று உண்டு: ஈரக்காற்று. இழுபட்ட நுனியில் இருக்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை நீர் மூலக்கூறு வந்து அறுக்கிறது. ஈரப்பதம் ஏற ஏறக் கீறல் வேகமாக நகர்வதை 1967இல் ஷெல்டன் வீடர்ஹார்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அளந்து காட்டினார். சென்னைக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் கொஞ்சம் நீண்ட கீறல், சுவரில் மாட்டும்போது முறுக்கிவிட்ட சட்டம், மேலே ஈரம் என்று மூன்றும் சேர்ந்தால், நன்றாக வந்து இறங்கிய டி.வி. சில நாள் கழித்து யாரும் தொடாமலே விரியலாம். உடனே திருஷ்டி என்பார்கள். ஆடித் தள்ளுபடியில் டி.வி. வாங்குவோம், ஆடியில் வீடு மட்டும் மாற மாட்டோம். கீறலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

இனி கார். பின்சீட்டில் நிமிர்த்தி, திரை சாய்மானத்தைப் பார்க்கும்படி, நடுவே போர்வை கொடுத்து வைக்கலாம். நேராக நிற்பது முக்கியம்: 30 டிகிரி சாய்ந்தாலே பாதி எடை திரைக்குக் குறுக்கே இறங்கும். பிரேக் போடும்போது விசை முன்னோக்கி, அதாவது திரைக்குக் குறுக்கேதான் வரும். ஆகவே முன்சீட்டுக்கும் டி.வி.க்கும் நடுவே தலையணை திணித்து இறுக்குங்கள். 43 அங்குலத்துக்கு இது சுலபம். 55 அங்குலம் பெட்டியோடு பல கார்களின் பின்கதவில் நுழையாது. 65 என்றால் யோசிக்கவே வேண்டாம், குட்டியானைதான். அதில் பக்கச்சுவரோடு, வண்டி போகும் திசைக்கு இணையாகக் கட்டிவிட்டால் பிரேக்கும் மேடும் இரண்டுமே திரையின் பலமான பக்கத்தில் விழும்.

"ஸ்டாண்ட் மாட்டும்போது குப்புறப் போடச் சொல்கிறார்களே" என்று கேட்கலாம். அசையாத மேசை, அடியில் மெத்தென்ற துணி, திரை முழுக்கத் தாங்கல். ஓடும் காரில் இந்த மூன்றில் முதலாவது கிடையாது.

கடைசியாக ஒன்று. ஏ.சி. காரில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த டி.வி.யை 33 டிகிரி புழுக்கத்தில் இறக்கினால் அதன்மேல் பனித்துளி படியும். ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். உள்ளே இருக்கும் மின்பலகைகளும்தான். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து பிளக்கைச் சொருகுங்கள்.