ஸ்டீயரிங் சொல்லும் சேதி

இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றோடு போட்டியிட்டால் 1960களின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் பின்தங்கிவிடும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தன் முழுத் திருப்புவிசையையும் தருகிறது. பெட்ரோல் எஞ்சினோ வேகமெடுத்துச் சுழன்ற பிறகுதான் அதைத் தரும். ஆனாலும் 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பையும், 1962இல் வந்த லோட்டஸ் எலானையும் உதிரிபாகம் தேடிப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் பழமை ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம்; ஆனால் அந்தக் கார்கள் விற்பனையான காலத்தில் பிறந்தே இராதவர்களும் அவற்றை விரும்புவதற்கு அது விடையாகாது. என் பார்வையில் விடையின் பெரும்பகுதி ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

கார் வளைவில் திரும்பும்போது, முன்சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் உண்டாகிறது. டயர் தரையைத் தொடும் பரப்போ ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அந்தப் பரப்பின் முன்விளிம்பில் தரையைப் பற்றும் ரப்பர், பின்விளிம்பை நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் மேலும் மேலும் இழுபடுகிறது. ஆகவே பக்கவாட்டு விசையின் பெரும்பங்கு பின்பாதியில் பிறக்கிறது. சக்கரத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் செயல்படும் அந்த விசை, சக்கரத்தை மீண்டும் நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டீயரிங் கனப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனிதான் வியப்பான கட்டம். வளைவில் வேகம் இன்னும் கூடினால், பின்பாதி ரப்பர் முதலில் வழுக்கத் தொடங்குகிறது. அதனால் விசை செயல்படும் புள்ளி நடுவை நோக்கி முன்னே நகர்கிறது. டயரின் மொத்தப் பிடிப்பு இன்னும் உச்சத்தைத் தொடாதபோதே, சக்கரத்தை நேராக்கும் விசை குறையத் தொடங்கிவிடுகிறது. அதுவரை கனத்துவந்த ஸ்டீயரிங் கையில் மெல்ல இளகுகிறது. பிடி விடப்போகிறது என்று டயர் முன்கூட்டியே எச்சரிப்பதற்கு ஒப்பானது இது. எந்த உணர்கருவியும் இல்லாமல், வெறும் ரப்பரின் இயல்பால் இந்தச் சேதி பிறப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இந்தச் சேதி கைக்கு வந்து சேர வேண்டுமானால் வழியில் தடை இருக்கக் கூடாது. கண்ணாடியிழை உடலை முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டகத்தின் மேல் பொருத்தி, லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் உருவாக்கிய எலானின் எடை 700 கிலோ அளவிலேயே இருந்தது. அவ்வளவு இலகுவான காரின் மெல்லிய டயர்களைத் திருப்பக் கைவலிமையே போதும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே தண்டுகளும் பற்களும் மட்டுமே இருந்தன. இன்றைய கார்களில் பாதுகாப்புச் சட்டகம், காற்றுப்பைகள், பேட்டரி என எடை கூடிவிட்டது, டயர்களும் அகன்றுவிட்டன. ஆகவே ஒரு மின்மோட்டார் கைக்குத் துணைசெய்கிறது. தேவைப்படும்போது மட்டும் ஆற்றலை எடுப்பதாலும், காரைத் தடம் விலகாமல் வைத்திருக்க உதவுவதாலும் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாலையின் நுண்ணதிர்வுகளோடு டயரின் சேதியும் அதில் பெருமளவு மங்கிப்போகிறது.

எரிபொருள் கலக்கும் வேலையும் அக்காலத்தில் கண்ணுக்குத் தெரியும்படியே நடந்தது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கருவி கார்பரேட்டர். இ-டைப்பில் இருந்த எஸ்யு நிறுவனத்தின் மூன்று கார்பரேட்டர்களில், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்ளிழுக்கப்படும் காற்று கூடி, அதனால் ஏற்படும் அழுத்தக் குறைவு ஒரு பிஸ்டனை மேலே தூக்கும். அதனுடன் எழும் கூர்ந்த ஊசி துளையை விட்டு விலக விலக, காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் கூடுதலாக வெளிவரும். பிஸ்டன் சட்டெனத் துள்ளாமல் இருக்க, மேலே உள்ள சிறு மூடியைத் திருகித் திறந்து அதற்குள் எண்ணெய் ஊற்றிவைப்பார்கள். மூன்றையும் ஒத்திசைய வைக்க, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயருகிலும் வைத்து, மூன்றிலும் காற்றின் சீறல் ஒரே அளவாகக் கேட்கும்வரை திருகுகளைச் சரிசெய்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம்.

ஒலியும் ஒரு அளவுகோலே. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது நொடிக்கு 300 வெடிப்பு. சுழற்சி ஏற ஏறச் சுருதியும் ஏறுவதால், பழகிய காது மீட்டரைப் பார்க்காமலே கியர் மாற்றும் தருணத்தை அறிந்துகொள்ளும்.

இந்தப் பழைய கார்களின் புகை இன்றைய கார்களின் புகையைவிட அசுத்தமானது. மோதலைத் தாங்கும் திறனும் குறைவு. அதனால் சிலர் பழைய கார்களையே மின்சாரத்துக்கு மாற்றுகிறார்கள். 2018இல் இங்கிலாந்தின் வின்ட்சரில் நடந்த அரச திருமணத்தில் ஓடிய மின்சார இ-டைப்பில், எஞ்சின் இருந்த இடத்தில் ஏறக்குறைய அதே அளவும் எடையும் கொண்ட பேட்டரித் தொகுப்பை வைத்திருந்தார்கள். முன்பின் எடைப்பகிர்வு மாறாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஆறு சிலிண்டரின் சுருதி அந்தக் காரில் இல்லை. முன்சக்கரங்களின் மேல் அமரும் பாரம் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது.